தோலுரித்தல்: ஓர் அமிலத்தின் வரலாறும் சில முதுகுகளும்

1

‘தோலுரித்துக் காட்டுதல்’ என்பது நமது மேடைகளிலும் பத்திரிகைகளிலும் தேய்ந்துபோன ஒரு சொல். ஆளும் வர்க்கம், சாதி, சக எழுத்தாளன் என்று நாம் தோலுரிக்காத ஆள் பாக்கியில்லை. தோல் பொய், அதற்கு உள்ளே கிடப்பதே மெய் என்கிற பழைய நம்பிக்கை ஒன்று இந்தச் சொல்லுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. நிஜமாகவே தோலை உரிக்கிற ஒரு பொருளின் வரலாற்றை இந்த நம்பிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பொருள் சாலிசிலிக் அமிலம். கால் ஆணிக்கு ஒட்டுகிறோமே கார்ன் கேப், அதில் இருப்பது இதுதான். படர்தாமரைக்குத் தடவுகிற விட்ஃபீல்ட் களிம்பில் 6 சதம் பென்சாயிக் அமிலத்தோடு 3 சதம் இது சேர்ந்திருக்கிறது. மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கும் முகம் கழுவும் திரவங்களில் ‘2 சதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் இதுவே. முகப்பருவைப் போக்கும், இறந்த செல்களை உரிக்கும், துளைகளைத் திறக்கும் என்று மூன்று வாக்குறுதிகள்.

முகப்பருவுக்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். பதினாறு வயதில் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே விசாரணை செய்யாதவர்கள் நம்மில் குறைவு. யாரும் உத்தரவிடாமல், காவலர் எவரும் நிற்காமல், ஓர் உடல் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்கிற இடம் அது. அதிகாரம் இயங்கும் விதத்தைப் பேச ஃபூக்கோவைத் துணைக்கு அழைப்பவர்கள் இந்தக் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது.

எனக்கு மூன்று கேள்விகள். இந்த அமிலம் வேலை செய்கிறதா? செய்கிறது என்பது எப்படித் தெரிய வந்தது? அந்தத் தெரிதலுக்கு விலை கொடுத்தவர் யார்? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் முதல் கேள்விக்கு விடை சொல்வது விளம்பரம். முதல் கேள்வியைக் கேட்காமல் நேரே மூன்றாவதற்குப் பாய்வது நமது வழக்கமான வியாதி. இரண்டும் வேண்டாம்.

2

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், தமிழ் படித்தவனுக்கு அதுதான் வசதி. முகப்பருவுக்கு மேலை மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ‘ஆக்னி’. கிரேக்கத்தில் ‘அக்மே’ என்றால் முனை, உச்சம். 6ஆம் நூற்றாண்டில் எழுதிய அமிடா நகரத்து ஏட்டியஸ் என்ற மருத்துவரின் நூலில் அது ‘அக்னே’ என்று நிற்கிறது. ‘மே’ ‘னே’ ஆகிப்போன பிழைபாடு அது என்கின்றன சொற்பிறப்பு அகராதிகள். சுவடிப் பதிப்பின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். ஏடு பெயர்த்தவரின் கைப்பிசகு ஒன்று உலகத்து இளைஞர்கள் அத்தனை பேர் முகத்திலும் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெயர் பிழையாக அமைந்தது போகட்டும், பொருள் கொண்ட விதமும் பிழைதான். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எழுத்துகளில் முகப்பரு ஒழுக்கக்கேட்டின், குறிப்பாகச் சுயஇன்பத்தின், அடையாளமாக வாசிக்கப்பட்டது. ஒரு சுரப்பியின் வாயடைப்பு பாவத்தின் கையெழுத்தாக மாறியது. ‘கண்டதையும் நெனச்சா இப்படித்தான் வரும்’ என்று நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுகிறவர்கள் இந்த ஐரோப்பியப் புத்தகங்களைப் படித்தவர்களல்ல. ஆனாலும் வாசிப்பு ஒன்றுதான். முகம் பொது இடத்தில் திறந்து கிடக்கும் பிரதி. எவரும் அதை வாசித்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்கிற உரிமை எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது.

அமிலத்தின் வரலாறு முகத்திலிருந்து தொடங்கவில்லை, காய்ச்சலிலிருந்து தொடங்குகிறது. 1763இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார், வெள்ளை வில்லோ மரப்பட்டையை உலர்த்திப் பொடித்து, முறைக்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்துக் குணம் கண்டதாக ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டையின் கசப்பு பெருநாட்டுச் சின்கோனாப் பட்டையின் கசப்பைப் போலிருந்தது ஒரு காரணம். நோய் பிறக்கும் ஈர நிலத்திலேயே அதற்கான மருந்தும் முளைக்கும் என்கிற நம்பிக்கை இன்னொரு காரணம். காரணம் தப்பு, காரியம் ஓரளவு சரி. மருத்துவ வரலாற்றில் இப்படி நடந்தது இது முதல் தடவையுமல்ல, கடைசித் தடவையுமல்ல.

1828இல் மியூனிக்கில் புக்னர் அந்தப் பட்டையிலிருந்து கசப்புச் சாரத்தைப் பிரித்து, வில்லோவின் லத்தீன் பெயரான சாலிக்ஸ் என்பதை ஒட்டி ‘சாலிசின்’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு பிரான்சில் லெரூ அதைப் படிகமாக்கினார். 1838இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். இதுவரை இது மரத்தின் கதை. 1859இல் ஹெர்மன் கோல்பே மரமே இல்லாமல், பீனாலையும் கரியமில வாயுவையும் கொண்டு அதே அமிலத்தை ஆக்கினார். 1874இல் அந்த முறையைச் செப்பம் செய்ததும், ஹைடன் டிரெஸ்டனுக்கு அருகே ரேடபாய்லில் ஆலை வைத்தார்.

பீனால் எங்கிருந்து வந்தது? கரித்தாரிலிருந்து. தெருவிளக்குக்கு வாயு எடுக்க நிலக்கரியைச் சூடாக்கிய ஐரோப்பிய நகரங்களில் தார் கழிவாகக் குவிந்தது. சாயம், மருந்து, வெடிமருந்து என்று ஜெர்மனியின் ரசாயன முதலாளியம் அந்தக் கழிவின் மேல்தான் எழுந்தது. இன்றும் புட்டிகளில் வில்லோ மரத்தின் இலையைப் பச்சையாக அச்சிட்டு ‘இயற்கை’ என்று விற்கிறார்கள். ஆலைகளில் உற்பத்தியாகும் சாலிசிலிக் அமிலத்துக்கோ மூலப்பொருள் பீனால். அந்தப் பீனாலும் இன்று பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. மரம் படத்தில் மட்டும் இருக்கிறது.

3

மலிவாகக் கிடைத்ததும் இந்த அமிலத்தை எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தார்கள். உணவு கெடாமல் இருக்க, பீர் புளிக்காமல் இருக்க, புண் சீழ் பிடிக்காமல் இருக்க. 1876இல் டண்டியில் மக்லகனும் பெர்லினில் ஸ்ட்ரிக்கரும் மூட்டுவாதக் காய்ச்சலுக்கு இந்தக் குடும்பத்து மருந்துகள் உதவுவதை எழுதினார்கள். வயிற்றைப் புண்ணாக்குகிறது என்பதால் அதன் சாந்தமான வடிவத்தைத் தேடியதில் 1897இல் பேயர் ஆலையில் ஆஸ்பிரின் வந்தது. உள்ளே சாப்பிடுகிற தம்பி உலகப்புகழ் பெற்றான். வெளியே பூசுகிற அண்ணன் தோல் மருத்துவரிடம் தங்கிவிட்டான்.

அந்த மருத்துவர் பால் கெர்சன் ஊனா. ஹாம்பர்க்கில் சொந்தமாகத் தோல் மருத்துவமனை வைத்திருந்தவர். 1880களில் மேல்தோலின் அடுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சாலிசிலிக் அமிலம் கொம்புப் படலத்தின் மேல் என்ன செய்கிறது என்று எழுதியவர். அதே நகரத்தில் 1882இல் மருந்துப் பட்டைக்குக் காப்புரிமை பெற்ற பையர்ஸ்டார்ஃப் என்ற மருந்தாளர் இவரோடு சேர்ந்து வேலை செய்தார். அவருடைய நிறுவனத்தை வாங்கிய ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ், ஊனாவின் ஆலோசனையையும் பெற்று 1911இல் வெளியிட்ட களிம்புதான் நிவியா. லத்தீனில் பனிவெண்மை என்று அர்த்தம். நோய்த் தோலுக்கான ஆராய்ச்சியும் அழகுத் தோலுக்கான வணிகமும் ஒரே ஊரில், ஒரே சில மனிதர்களிடையே பிறந்தன என்பதையும், அழகுக்குச் சூட்டிய பெயர் ஒரு நிறத்தின் பெயராக இருந்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊனாவின் காலத்திலிருந்து இந்த அமிலத்துக்கு ஒட்டிக்கொண்ட பட்டம் ‘கெரட்டோலிட்டிக்’. அதாவது, தோலின் கொம்புப் புரதமான கெரட்டினைக் கரைப்பது. ‘ஆக்னி’ போலவே இதுவும் தவறான பெயர் என்று பின்னால் தெரிந்தது. 1976இல் கார்டிஃபில் டேவிஸ், மார்க்ஸ் என்ற இருவர் இயல்பான மனிதத் தோலில் இதைப் பூசிப் பார்த்தபோது கெரட்டின் கரையவில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த மேல்தோல் செல்களின் பிடிப்பு மட்டும் தளர்ந்தது. செங்கலைக் கரைக்கவில்லை, இடையில் இருந்த சாந்து நெகிழ்ந்தது. ஏற்கெனவே உதிரக் காத்திருந்தவை உதிர்ந்தன.

இந்த வித்தியாசம் சும்மா ஒரு நுணுக்கமல்ல. ‘உரித்தல்’ என்று நாம் சொல்லும்போது மனதில் வருவது பலவந்தமாகப் பிய்த்தெடுப்பது. அமிலம் செய்வது அதுவல்ல. தோலோ ஒரு மூடி அல்ல. கீழிருந்து புதிய செல்கள் மேலேறி வர, மேலே இருப்பவை ஓசையில்லாமல் உதிர, சில வாரங்களில் மேல்தோல் தன்னைத் தானே உரித்துக்கொள்கிறது. அமிலம் அந்த இயக்கத்தில் தடைபட்டிருக்கும் இடத்தை இளக்கிவிடுகிறது. அவ்வளவுதான்.

பருவுக்கு இது ஏன் உதவுகிறது? முடித்துளையின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வளரிளம் பருவத்தின் ஹார்மோன்கள் தூண்டிவிட்ட எண்ணெய் அதற்குப் பின்னால் தேங்குகிறது. வாய் மூடியிருந்தால் வெண்முள், திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருமை அழுக்கு அல்ல, தேய்த்துக் கழுவினால் போகாது. தேக்கத்தில் பாக்டீரியா பெருகி, உடல் அதை எதிர்க்கும்போது சிவந்து வீங்கிய பரு. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது. பழ அமிலங்கள் எனப்படும் கிளைகாலிக் அமிலம் போன்றவை தண்ணீரில் கரைபவை. அவற்றைவிட இது எண்ணெய் தேங்கிய துளைக்குள் எளிதாக இறங்குகிறது. எனவே அடைப்பு என்ற முதல் கட்டத்தில் இதற்கு வேலை உண்டு.

4

இந்த இடத்தில், மருந்தின் வரலாற்றிலிருந்து உரித்தெடுத்து வீசப்பட்ட பெயர்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஸ்பிரின் என்றதும் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் பெயர்தான் வரும். மூட்டுவலியால் துடித்த தகப்பனுக்காக மகன் கண்டுபிடித்தான் என்ற குடும்பக் கதை அச்சேறியது 1934இல். நாஜிகள் ஆட்சிக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதே ஆலையில் பணியாற்றிய யூத வேதியியலாளர் ஆர்தர் ஐகன்க்ருன், ஹாஃப்மன் தன் வழிகாட்டலில்தான் அதைச் செய்தார் என்று பிற்பாடு எழுதினார். 1944இல் அவர் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்டார். உயிரோடு மீண்டு, 1949இல் தன் தரப்பை ஒரு கட்டுரையாக வெளியிட்டு, அதே மாதத்தில் இறந்துபோனார். வால்டர் ஸ்னீடர் என்ற மருந்தியல் வரலாற்றாளர் 2000இல் ஆவணங்களைப் பார்த்து ஐகன்க்ருன் சொல்வதே நம்பத்தக்கது என்று வாதிட்டார். பேயர் நிறுவனம் அதை ஏற்கவில்லை.

இன்னொருவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர். ஃபிராங்க்ஃபர்ட்டின் தோல் மருத்துவர். ரசாயன ஆலைத் தொழிலாளர்களின் முகத்திலும் உடம்பிலும் கொத்துக் கொத்தாகக் கிளம்பிய ஒருவகைப் பருவைக் கண்டு, 1899இல் அதற்குக் ‘குளோராக்னி’ என்று பெயர் வைத்தவர். அதாவது, பரு வயசுக் கோளாறு மட்டுமல்ல, வேலைத்தலம் தோலில் எழுதுகிற எழுத்தாகவும் இருக்கக்கூடும் என்று காட்டியவர். அவரும் யூதர். 1942இல், 81 வயதில், அதே தெரேசியன்ஷ்டாட்டில் மாண்டார். மூன்றாமவர் மாக்ஸ் யெஸ்னர். சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம், ரிசார்சினால் மூன்றும் கலந்த ‘யெஸ்னர் கரைசல்’ தோலுரிப்புக்கு இன்றும் பயன்படுகிறது. ப்ரெஸ்லாவில் பதவி இழந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர் அவர்.

ஐரோப்பாவில் அறிவை உண்டாக்கியவர்கள் துரத்தப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். 1947இல் நூரம்பெர்கில் நாஜி மருத்துவர்களைத் தண்டித்தபோது, சம்மதமில்லாத மனித உடலின் மேல் பரிசோதனை செய்யக்கூடாது என்பது விதியாக எழுதப்பட்டது. அந்த மை காய நான்கு வருஷம் போதவில்லை.

5

பிலடெல்பியா நகரத்தின் இரண்டு கட்டடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நகரின் மேற்கில் இருந்த ஒரு தொலைக்காட்சி நிலையம். 1957 முதல் ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ என்ற நிகழ்ச்சி அங்கிருந்து நாடு முழுக்க ஒளிபரப்பானது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்களும் பெண்களும் ஜோடியாக ஆடுவார்கள். நாட்டின் இளசுகள் பார்ப்பார்கள். அதன் விளம்பரதாரர்களில் ஒன்று க்ளியரசில் என்ற பருக் களிம்பு. 1950இல் சந்தைக்கு வந்த அதில் அப்போது கந்தகமும் ரிசார்சினாலும் இருந்தன. ‘தோல் நிறத்திலேயே இருப்பதால் பருவை மறைத்துக்கொண்டே குணப்படுத்தும்’ என்பது விளம்பரத்தின் சாரம். யாருடைய தோல் நிறம் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கறுப்பின இளைஞர்கள் அந்த அரங்குக்குள் வராதபடி தடுக்கப்பட்டதை மாத்யூ டெல்மான்ட் 2012இல் வெளியான ஆய்வு நூலில் நிறுவியிருக்கிறார்.

இரண்டாவது கட்டடம் நகரின் வடகிழக்கில் இருந்த ஹோம்ஸ்பர்க் சிறை. 1896இல் திறக்கப்பட்டது. நடுவில் ஒரு குடம், சுற்றிலும் சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சிறைக்கூடங்கள். ஃபூக்கோ தன் சிறை நூலில் பிலடெல்பியாவின் பழைய வால்நட் தெருச் சிறையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பரம்பரையில் வந்த கட்டடம் இது. அவர் நூல் வெளிவந்தது 1975இல். அதற்கு முந்தைய வருஷம்வரை, 1951 முதல் 1974 வரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இந்தச் சிறையைப் பரிசோதனைக்கூடமாக வைத்திருந்தார்.

படை பரவுகிறது, வந்து பாருங்கள் என்று அழைக்கப்பட்டு அவர் உள்ளே போனார். 1966இல் ஒரு நாளிதழுக்குச் சொன்னபடி, அவர் கண்ணுக்குப் பட்டவர்கள் கைதிகள் அல்ல. ஏக்கர் கணக்கில் பரந்து கிடந்த தோல். வளமான நிலத்தை முதல் தடவை கண்ட விவசாயியின் மனநிலை என்று அவரே உவமை சொன்னார். உவமையைக் கவனியுங்கள். உழுபவன் நிலத்தைக் கேட்டுவிட்டு உழுவதில்லை.

அழகுசாதனம், சோப்பு, ஷாம்பு, மருந்து, ராணுவத்துக்கான ரசாயனம் என்று பலவும் கைதிகளின் உடலில் பூசப்பட்டன. பெரும்பாலோர் கறுப்பர்கள், பலர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள், ஜாமீன் கட்டக் காசில்லாதவர்கள். சிறை வேலைக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சில சென்ட்டுகள். முதுகைக் கொடுத்தால் டாலர்கள் கிடைத்தன. அதைச் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொண்டார்கள். முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டிய பட்டைகளும், அவற்றை எடுத்தபின் நின்ற தழும்புகளும் அந்தச் சிறையில் சாதாரணக் காட்சி.

1965–66இல் டவ் கெமிக்கல் நிறுவனம், தன் ஆலைத் தொழிலாளர்களுக்குக் குளோராக்னி வந்ததால், அதற்குக் காரணமான டையாக்சினைச் சோதிக்க கிளிக்மனுக்கு 10,000 டாலர் கொடுத்தது. வியட்நாம் காடுகளின் மேல் கொட்டப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சில் கலந்திருந்த அதே நஞ்சு. நிறுவனம் வகுத்த சிறிய அளவில் எதுவும் நிகழவில்லை என்று, அதைப் போல 468 மடங்கு, 7,500 மைக்ரோகிராம், 10 கைதிகளின் தோலில் பூசப்பட்டது. எட்டுப் பேருக்குப் பருக்கள் வெடித்தன. ஹெர்க்ஸ்ஹைமர் தொழிலாளர்களிடம் கண்டு பெயரிட்ட நோயை, இங்கே ஆர்டர் கொடுத்து உற்பத்தி செய்தார்கள்.

அதே காலத்தில், அதே சூழலில்தான் பருவுக்கான பெரிய மருந்தும் உருவானது. வைட்டமின் ஏ அமிலம், அதாவது ட்ரெட்டினாயின், பருவைக் குணமாக்குவதைக் கிளிக்மனும் சகாக்களும் 1969இல் வெளியிட்டனர். 1971இல் அது ரெட்டின்-ஏ என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றது. கிளிக்மனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெரும் வருமானம். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் இந்த வரலாற்றை நூலாக்கும்வரை அதைச் சுமந்த முதுகுகளைப் பற்றி வெளியுலகம் பெரிதாகக் கேட்கவில்லை.

சாலிசிலிக் அமிலம் ஹோம்ஸ்பர்க்கில் பிறந்தது என்று எழுதிவிட்டால் என் கட்டுரைக்குச் சௌகரியம். ஆனால் அது பொய். அது அதற்கு நூறாண்டு மூத்தது. உறவு வேறு இடத்தில் இருக்கிறது. பரு என்பது முதலில் ஒரு துளையடைப்பு, அடைப்பை இளக்குவதே சிகிச்சையின் முதல் படி என்கிற இன்றைய விளக்கம் உறுதிப்பட்டதில் கிளிக்மனின் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1975இல் அவர் ப்ளெவிக்கோடு எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் நடுவில் ‘காஸ்மசூட்டிகல்’ என்ற வகைமையை 1984இல் பரப்பியவரும் அவரே. 1990களின் பிற்பாதியில், பழ அமிலங்களின் சந்தைக்கு எதிரே, ‘பீட்டா ஹைட்ராக்சி அமிலம்’ என்ற புதுச் சட்டையில் சாலிசிலிக் அமிலத்தை ஆதரித்து எழுதியவர்களிலும் அவர் இருந்தார். வேதியியல் கறாராகப் பார்த்தால் அந்தப் பெயரும் பொருந்தாது. இது பீனால் வகை அமிலம். பருவின் வரலாற்றில் சரியான பெயர் என்பதே அரிதுபோலிருக்கிறது.

6

சரி, வேலை செய்கிறதா?

அமெரிக்க அரசின் மருந்துத்துறை 1991இல், மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கத்தக்க பரு மருந்தாக 0.5 முதல் 2 சதம் வரையிலான சாலிசிலிக் அமிலத்தை ஏற்றது. லேசான பரு, கரும்புள்ளி, வெண்முள் ஆகியவற்றில் இது உதவுகிறது. ஆனால் விளம்பரத்தின் தொண்டைக்கும் சான்றின் தொண்டைக்கும் வெகுதூரம். 2020இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இந்த அமிலத்துக்கான சான்றுகளின் தரம் குறைவு என்றே மதிப்பிட்டது. 2024இல் அமெரிக்கத் தோல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி பென்சாயில் பெராக்சைடையும் ட்ரெட்டினாயின் குடும்பத்து மருந்துகளையும் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. சாலிசிலிக் அமிலத்தை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அதாவது, பழைய, மலிவான, மிதமான உதவியாள். அதற்கு மேல் இல்லை, அதற்குக் கீழும் இல்லை.

வாசகர்களில் சிலருக்கோ அவர்கள் பிள்ளைகளுக்கோ இது தேவைப்படலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாலு நாளில் முகம் மாறும் என்பவன் வியாபாரி. கூடுதலாகப் பூசினால் சீக்கிரம் போகும் என்பதில்லை, தோல் காய்ந்து எரியும். முகத்தில் தேய்த்து உடனே கழுவிவிடும் திரவத்தைவிடத் தோலில் தங்கும் பூச்சுக்கு வேலை செய்ய நேரம் அதிகம். ஆழத்தில் கட்டியாக வலிக்கும் பருவுக்கும், தழும்பு விழத் தொடங்கிய பருவுக்கும் இது போதாது, மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பு முழுக்க, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இதைப் பூசக்கூடாது. தோல் வழியாக ரத்தத்தில் ஏறி நஞ்சாகும். காது இரைவது அதன் அறிகுறிகளில் ஒன்று. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

மருத்துவர்கள் செய்யும் தோலுரிப்பில் 20, 30 சதம் வரை பயன்படுகிறது. இங்கே நம் நிறத்தவர்களுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. கறுத்த, பழுப்புத் தோலில் பருவைவிட அது ஆறியபின் மாதக்கணக்கில் நிற்கும் கரும் தழும்பே அதிகம் வதைக்கிறது. அமிலமே எரித்தாலும் அதே கருமைதான் வரும். இந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டவர் லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பினத் தோல் மருத்துவர் பேர்ல் கிரைம்ஸ். கருந்தோல் கொண்ட 25 பேரிடம் சாலிசிலிக் தோலுரிப்பைச் செய்து, கவனமாகச் செய்தால் பாதுகாப்பானதே, பருவுக்கும் கருமைக்கும் பலன் தருவதே என்று 1999இல் வெளியிட்டார். சின்ன ஆய்வுதான். ஆனால் அதில் கருந்தோல் நிலமாக இல்லை, நோயாளியாக இருந்தது. தன் தோலுக்கு என்ன ஆகும் என்று கேட்க உரிமை உள்ள ஆளாக இருந்தது. ஹோம்ஸ்பர்க்குக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரத்தை வேதியியலால் அளக்க முடியாது.

7

2000இல் ஏறத்தாழ 300 முன்னாள் கைதிகள் பல்கலைக்கழகத்தின் மீதும் கிளிக்மன் மீதும் நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். காலக்கெடு முடிந்துவிட்டது என்று அது தள்ளுபடியானது. கிளிக்மன் 2010இல் இறந்தார். சிறைப் பரிசோதனைகளை நிறுத்தியதுதான் பெரிய தவறு என்ற கருத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரும் ஏழை யூதக் குடியேறிகளின் பிள்ளை. அவரை அரக்கனாக்கிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அவருக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களும், கதவைத் திறந்துவிட்ட சிறையும், கட்டுரைகளை அச்சிட்ட ஆய்விதழ்களும் தப்பித்துவிடும்.

முன்னாள் கைதி லியோடஸ் ஜோன்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டார்கள். எட்வர்ட் ஆந்தனி தன் உடம்பில் நடந்ததை ஹார்ன்ப்ளமிடம் சொன்னார். அது 2007இல் தனி நூலானது. 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும், 2022இல் பிலடெல்பியா நகர நிர்வாகமும், 2023இல் அந்நகரத்து மருத்துவர் கழகமும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் பெயரிலான ஆண்டுச் சொற்பொழிவு நின்றது. முதுகைக் கொடுத்தவர்களில் பலர் இவற்றைக் கேட்க உயிரோடு இல்லை.

அப்படியானால் பரு மருந்தைப் புறக்கணிப்பதா? அது எளிய வீரம். பதினாறு வயதுப் பெண்ணிடம் போய், ‘உன் முகத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது முதலாளியச் சொல்லாடல்’ என்று நாம் சொல்லலாம். அவள் நாளைக்கும் அதே வகுப்பறைக்குத்தான் போக வேண்டும். அவளுக்கு மலிவான, வேலை செய்கிற மருந்து கிடைப்பதும் அரசியல்தான். வெளுப்புக் களிம்புக்கும் பருக் களிம்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குச் சொல்வதும் அரசியல்தான். பரு ஒரு கோளாறு. அதற்கு மருந்து உண்டு. கறுப்பு கோளாறு அல்ல. அதற்கு மருந்து விற்பவன் நோயை முதலில் விற்றுவிட்டுத்தான் மருந்தை விற்கிறான். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் அடுக்கிவைப்பதில்தான் இந்த வணிகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

தோலுரித்தல் என்ற நம் சொல்லுக்கு இந்த வரலாறு சொல்கிற திருத்தம் ஒன்று உண்டு. இந்த அமிலத்தின் கதையில் தோல் பொய்யாக எங்கும் இருந்ததில்லை. ஆலைத் தொழிலாளியின் முகம், கைதியின் முதுகு, பள்ளிப்பெண்ணின் கன்னம் என்று நடந்தது எல்லாம் பதிவாகியிருப்பது தோலில்தான். அதைப் பிய்த்தெறிந்துவிட்டு உள்ளே உண்மையைத் தேடுகிறவன் ஆவணத்தைக் கிழித்துவிட்டுச் சாட்சி தேடுகிறான். பொய் இருந்த இடம் ஒட்டுகளில்: ‘சம்மதம்’ என்ற சொல்லையும் ஜாமீனில்லாக் கைதியையும் ஒட்டிவைத்த பசையில், மரத்தின் படத்தையும் பெட்ரோலியத்தையும் ஒட்டிவைத்த பசையில், வெண்மையையும் ஆரோக்கியத்தையும் ஒட்டிவைத்த பசையில். அந்தப் பசையை இளக்குவதுதான் விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன். அதற்குக் கத்தி தேவையில்லை. வாரக்கணக்கில், சில சமயம் ஐம்பது வருஷம், விடாமல் பூசிக்கொண்டிருக்கிற பொறுமை தேவை. லியோடஸ் ஜோன்ஸுக்கு அது இருந்தது.